தவணை முடிவும் மனையுடையார் உரிமையும்: திருப்பூர் வட்டாரத்தை முன்னிட்ட ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஒருவர்க்குரிய மனையைப் பிறரொருவர் குறித்த தவணைக்குப் பெற்று, அதற்குக் கூலி அளித்து, அதன்கண் குடியிருத்தலும் தொழில் செய்தலும் தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கமாகும். தவணை நடைபெறுங்கால் எழுதிய தாளே இருவரையும் ஆள்கிறது. ஆதலின் பெரும்பூசல் எழுவது அரிது. தவணை முடியும் நாளிலேதான் வினா எழுகிறது. அன்று மனையுடையார் செய்யத்தக்கன யாவை? மனையை உடனே மீட்கலாமா? கூலியை உயர்த்திப் புதுத்தாள் எழுதலாமா? ஒன்றும் கூறாது பழைய கூலியையே வாங்கிவரின் அதன் விளைவு யாது? குடியிருப்பவர் நீங்க மறுப்பின் எங்குச் சென்று முறையிடுவது?

இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியுள்ளது. அவ்விடைகளின் வரலாற்றைத் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை முன்னிட்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். திருப்பூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பஞ்சு வாணிகத்திற்கும் கதர்ப் பணிக்கும் பெயர் பெற்றிருந்த அந்நகரில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பனியன் பின்னும் தொழில் வேரூன்றியது. 1970களின் இறுதி தொட்டு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2009இல் திருப்பூர் ஒரு மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. ஒரு பெரிய ஆலைக்குள் அனைத்தும் நடைபெறும் தொழிலன்று இது. நூலைத் துணியாகப் பின்னுதல் ஓரிடம். வெளுத்தலும் சாயமேற்றலும் பிறிதோரிடம். வெட்டுதல், தைத்தல், காஜா எடுத்தல், பரிசோதித்தல், பெட்டியடைத்தல் ஆகியன வேறு வேறிடங்கள். இவற்றுள் பல, பிறர்க்குரிய கொட்டகையிலோ மனையின் முன்பகுதியிலோ கூலிக்கு நடைபெறுவன. தொழில் செய்வோரின் முதல் பொறியிலும் நூலிலும் கிடக்கிறது, மண்ணில் இல்லை. ஆகவே, தவணை முடிவு என்பது அவர்க்குத் தொழிலின் உயிர்நிலையைத் தொடுவதாகும். மறுபுறம், தம் வாழ்நாட் சேமிப்பைக் கொட்டகையாகக் கட்டி அதன் கூலியால் வாழ்வோரும் இவ்வட்டாரத்தில் உளர். அவர்க்கும் அந்நாள் உயிர்நிலையே.

குடி நீங்கலும் நீங்காமையும்

சட்டநூல்களுக்குட் புகுமுன் சொல் வழக்குகளைச் சிறிது நோக்குதல் தகும். தமிழ்க் கல்வெட்டுகளைப் பயின்றோர் ‘குடிநீங்காத் தேவதானம்’, ‘குடிநீக்கித் தேவதானம்’ என்னும் இரு தொடர்களை நன்கறிவர். சோழர் காலத்தில் நிலம் கோயிலுக்கு அளிக்கப்பட்டபோது, அங்கு முன்னரே இருந்த குடிகளை அவ்வாறே இருக்கவிட்டு அளித்தலும், அவர்தம் உரிமையை நீக்கி அளித்தலும் என இருவகை முறைகள் இருந்தன என்பதை இத்தொடர்கள் காட்டுகின்றன. உடைமை ஒருவர் கையில் இருத்தல் வேறு, குடியின் இருப்பு முடிதல் வேறு என்னும் தெளிவு அக்காலத்தார்க்கு இருந்தது. குடி நீங்கவேண்டுமாயின் அதனைத் தனியே சொல்லவேண்டியிருந்தது. சொல்லாத வழி அது தானே நிகழ்வதாகக் கொள்ளப்படவில்லை. இவ்வேறுபாடு பிற்கால வரலாறு முழுவதிலும் வேறு வேறு உருவில் தோன்றுதலைக் காண்போம்.

நிலத்தையும் மனையையும் பிறர்க்கு விடும் முறைகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உள. விளைவில் பங்கு பெறுவது வாரம். குறித்த அளவைப் பெறுவது குத்தகை. மனைக்கு மாதந்தோறும் பெறுவது குடிக்கூலி அல்லது வாடகை. இவற்றுள் வேறுபட்டது ஒற்றி. கொங்கு நாட்டிலும் பிற பகுதிகளிலும் ‘ஒத்தி’ என்றும், வடசொல்லால் ‘போக்கியம்’ என்றும், இக்கால நகரங்களில் ‘லீசு’ என்றும் வழங்குவது இதுவே. இம்முறையில் மனையுடையார் மொத்தமாக ஒரு தொகையைப் பெறுவர். குடியிருப்பவர் கூலியின்றி இருப்பர். தவணை முடிவில் தொகையைத் திருப்பித் தந்தே மனையை மீட்டல் வேண்டும். இங்கு மனையுடையாரே கடனாளி. தொகை கையில் இல்லையேல் தவணை முடிந்தும் முடியாததே. வாடகையிலோ, மனையுடையாரைத் தடுப்பது பணமன்று. சட்டமும் தம் செயலுமே. பின்வரும் ஆராய்ச்சி வாடகை முறை பற்றியதேயாகும்.

1882ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் மனைக்கூலி உறவை முதன்முதல் முறைப்பட வகுத்தது சொத்து மாற்றுச் சட்டம். அது 1882ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 111ஆம் பிரிவு குடிக்கூலி முடிவுறும் வழிகளைத் தொகுத்துக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது, குறித்த காலம் கடந்துபோதல். இவ்வழியில் முடியுமாயின் மனையுடையார் எவ்வறிவிப்பும் தரவேண்டுவதில்லை; காலமே அறிவிப்பாகிறது. 108ஆம் பிரிவின்படி, குடியிருந்தவர் மனையை உடையவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இவ்வளவில் நோக்கின் தாளில் எழுதிய நாளே முற்றும் ஆட்சி செய்வதாகத் தோன்றும்.

ஆயினும், 116ஆம் பிரிவு இவ்வாட்சிக்கு ஓர் எல்லை இடுகிறது. தவணை முடிந்தபின் குடியிருப்பவர் நீங்காதிருக்க, மனையுடையார் அவரிடம் கூலி பெற்றுக்கொள்வாராயின், அல்லது வேறு வகையில் இசைவு காட்டுவாராயின், மாறான உடன்பாடு இல்லாதவிடத்துக் குடிக்கூலி மீண்டும் உயிர்பெறும். அது பயனுக்கேற்ப மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் தொடர்வதாகக் கருதப்படும். எழுதிய நாளைவிட நடந்துகொண்ட முறையே இங்குப் பேசுகிறது. ஒரு மாதக் கூலியை வாங்கிப் பையிலிட்டவர், தவணை முடிந்துவிட்டது என்று மறுநாள் வழக்காட இயலாது. மனையுடையார்க்கு உள்ள வழிகளுள் மிகவும் எளியதாய்த் தோன்றும் வழி, வாளாவிருத்தல். அதுவே அவர் அறியாமலே அவரைப் பிணிக்கும் வழியுமாகும்.

எனவே, 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி தவணை முடிவில் மனையுடையார்க்கு நான்கு வழிகள் இருந்தன. புதிய தாள் எழுதித் தொடரலாம். கூலியை வாங்கி வாளாவிருந்து மாதக் குடியாகவோ ஆண்டுக் குடியாகவோ தொடரவிடலாம். கூலியை மறுத்து மனையைக் கேட்டு வழக்கிடலாம். அவ்வழக்கோடு, தவணை கடந்து இருந்த நாட்களுக்குரிய இழப்பீட்டையும் கேட்கலாம். ஐந்தாவதாக ஒரு வழியைப் பலர் எண்ணுவதுண்டு, அது வன்மை. அதனைப் பின்னர்த் தனியே ஆராய்வோம்.

உற்பத்திப் பயனும் ஆறு மாத அறிவிப்பும்

திருப்பூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் 106ஆம் பிரிவே உயிரானது. தாளோ ஊர்வழக்கமோ வேறு கூறாதபோது, உழவுக்கும் பொருள் உற்பத்திக்கும் விடப்பட்ட இடம் ஆண்டுக் குடியாகும். ஆறு மாத அறிவிப்பினாலன்றி அதனை முடித்தல் இயலாது. பிற பயன்களுக்கு விடப்பட்டது மாதக் குடியாகும். அதனைப் பதினைந்து நாள் அறிவிப்பால் முடிக்கலாம். உழவனுக்கு விளைச்சற் காலம் வேண்டும். பொருள் செய்பவனுக்கு மூலப்பொருளை வாங்கி, வேலை முடித்து, விற்று, இடம் பெயர்வதற்குக் காலம் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தே சட்டம் இவ்விருவரையும் ஒருங்கு வைத்தது எனலாம்.

‘உற்பத்தி’ என்பது யாது என்னும் வினாவை நீதிமன்றங்கள் பலமுறை ஆராய்ந்துள்ளன. 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக நோக்கியது. மூலப்பொருளில் ஏதோ ஒரு மாற்றம் நிகழ்ந்தால் போதாது. வேறு பெயரும் வேறு பயனும் உடைய புதுப்பொருள் ஒன்று தோன்றுதல் வேண்டும் என்பது இத்துறையில் நிலைபெற்ற கொள்கை. இக்கொள்கையைத் திருப்பூர்த் தொழிலின் கூறுகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நூல் துணியாகும் இடமும் துணி சட்டையாகும் இடமும் ஐயமின்றி இதனுள் அடங்கும் என்று நாம் கருதுகிறோம். சரக்கை அடுக்கிவைக்கும் கிடங்கு அடங்காது. தைத்த ஆடையைப் பரிசோதித்துப் பெட்டியிலிடும் இடம் அடங்கும் என்று வழக்காடுதல் எளிதன்று. ஒரே ஆடை கடந்து செல்லும் இடங்களுள் சிலவற்றுக்கு ஆறு மாதமும் சிலவற்றுக்குப் பதினைந்து நாளும் என்னும் நிலை இதனால் ஏற்படுகிறது.

அறிவிப்பின் வடிவம் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் அறிவிப்பில் குறித்த காலம், குடிக்கூலியின் மாதமோ ஆண்டோ முடியும் நாளோடு சரியாகப் பொருந்துதல் வேண்டும் என்னும் விதி இருந்தது. ஒரு நாட் பிழையால் வழக்கு முழுவதும் வீழ்ந்ததும் உண்டு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் செய்யப்பட்ட திருத்தம் இக்குறையைக் களைந்தது. இப்போது அறிவிப்புக் கிடைத்த நாள் முதல் காலம் எண்ணப்படும். அறிவிப்பிற் கண்ட நாள் குறைவாயினும், உரிய காலம் கடந்தபின் வழக்கிட்டிருப்பின் அறிவிப்பு பிழையாகாது.

பதினொரு மாதத் தாள்

ஆறு மாத அறிவிப்பு என்னும் இக்காவல் திருப்பூர்ச் சிறு தொழிலாளர்க்கு உண்மையிற் கிட்டிற்றா என்பதே நாம் ஆராய வேண்டிய தலையாய வினா. இதற்கு விடை சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவிலும், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலும் உள்ளது. ஆண்டுக் குடியாக விடுவதும், ஓராண்டிற்கு மேற்பட்ட தவணைக்கு விடுவதும் பதிவு செய்யப்பட்ட தாளினால் மட்டுமே நிகழக்கூடும். அதற்குட்பட்ட தவணைக்கு இவ்விரு சட்டங்களும் பதிவை வேண்டவில்லை. பதிவிற்குச் செலவு உண்டு. முத்திரைத்தாளுக்கும் செலவு உண்டு. ஆகவே நாடெங்கும் பதினொரு மாதத் தாள் என்னும் வழக்கம் பரவியது. முத்திரைத்தாள் ஒன்றில் ஓரிரு பக்கம் எழுதி, இரு சான்றினர் கையொப்பமிட, அலுவல் முடிந்துவிடுகிறது. பதினொரு மாதம் கடந்ததும் மற்றொரு தாள். சில இடங்களில் அதுவும் இல்லை, பழைய தாளின்மேலேயே ஆண்டுகள் பல ஓடுகின்றன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தையல் வேலை செய்யும் சிறு நிறுவனத்தார் ஒருவர், பத்துப் பவர் டேபிள் பொறிகளை வைப்பதற்கு ஒரு கொட்டகையை ஏப்பிரல் முதல் நாள் தொடங்கிப் பதினொரு மாதத்திற்குப் பெற்றார் எனக் கொள்வோம். பிப்பிரவரித் திங்களின் இறுதி நாளில் தவணை முடிகிறது. மார்ச்சு மாதக் கூலியை மனையுடையார் வாங்க மறுத்தால், அறிவிப்பு ஏதுமின்றியே அவர் வழக்கிடலாம். வாங்கிக்கொண்டால் 116ஆம் பிரிவு தொழிற்படும். தையல் உற்பத்தியாதலின் அப்பிரிவின் சொற்படி அது ஆண்டுக் குடியாதல் வேண்டும். ஆறு மாத அறிவிப்பும் வேண்டும். ஆனால் ஆண்டுக் குடி பதிவுத்தாள் இன்றிப் பிறவாது என 107ஆம் பிரிவு தடுக்கிறது. 1952, 2001 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளும் இவ்வழியே சென்றன: பதிவுத்தாள் இல்லாதவிடத்துக் கூலி மாதந்தோறும் கொடுக்கப்படுமாயின், குடியிருப்பு மாதக் குடியே. ஆதலின் நம் தையல் நிறுவனத்தார்க்குரிய அறிவிப்பு பதினைந்து நாளாகச் சுருங்கிவிடுகிறது.

சட்டம் உற்பத்தியாளர்க்கென்று தனியே அளித்த காவலைப் பதினொரு மாதத் தாள் என்னும் ஊர்வழக்கம் சிறிதும் ஓசையின்றி நீக்கிவிட்டது. ஏற்றுமதி ஆணை ஒன்றைப் பெற்று, நூல் வாங்கி, பின்னி, சாயமேற்றி, தைத்து அனுப்புதற்குப் பல வாரங்கள் வேண்டும். பதினைந்து நாளில் மின்னிணைப்போடு கூடிய மற்றோரிடத்தைத் தேடிப் பொறிகளைப் பெயர்த்து வைத்தல் எவ்வளவு அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மனையுடையார்க்கும் இதனால் முழு நன்மை இல்லை. நெடுந்தவணையை எழுதிப் பதிவு செய்யாதவர், குடியிருப்பவர் இடையில் பெயர்ந்துசெல்வதைத் தடுத்தற்கும் அத்தாளை நம்ப இயலாது. செலவைக் குறைக்கக் கருதி இருவரும் கூடிச் செய்த ஏற்பாடு, இருவர்க்கும் உறுதியைக் குறைத்தது.

போரும் வாடகைக் கட்டுப்பாடும்

இரண்டாம் உலகப்போர் இவ்வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம். நகரங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்து, கட்டடப் பொருள்கள் அரியவாயின. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சென்னை மாகாணத்தில் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையும், 1942இல் குடியிருப்பல்லாத கட்டடங்களுக்குரிய ஆணையும் பிறந்தன. போர் முடிந்தபின் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து எழுந்த சட்டங்கள் அவ்வாணைகளின் கருத்தை நிலைநிறுத்தின. 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் மாநிலத்தின் நகராட்சிகள் அனைத்துக்கும் பொருந்துவதாயிற்று. திருப்பூர் நகராட்சியும் அவற்றுள் ஒன்று.

இச்சட்டம் தவணை முடிவின் பொருளையே மாற்றிவிட்டது. தவணை முடிந்தமை மட்டும் குடியிருப்பவரை நீக்குதற்குக் காரணமாகாது. வேண்டுமென்றே கூலி தவறுதல், இசைவின்றிப் பிறர்க்கு உள்வாடகைக்கு விடுதல், வேறு பயனுக்குப் பயன்படுத்துதல், கட்டடத்தைச் சிதைத்தல், மனையுடையாரின் உரிமையையே மறுத்தல் என்னும் காரணங்களுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அல்லது மனையுடையார்க்குச் சொந்தக் குடியிருப்புக்கோ தம் தொழிலுக்கோ அவ்விடம் தேவையாதல் வேண்டும்; அல்லது அதனை இடித்துக் கட்டவேண்டிய நிலை வேண்டும். இவற்றை மெய்ப்பித்தாலன்றி மனை மீளாது. ஆயினும் தவணை முற்றும் பயனற்றுப் போகவில்லை. சொந்தத் தேவையைக் காரணமாகக் காட்டும் மனையுடையார் தவணை முடியுமுன் விண்ணப்பிக்கலாகாது என்னும் விதி 10ஆம் பிரிவில் இடம்பெற்றது. முன்பு மனையுடையார்க்குக் கதவைத் திறந்துவிட்ட நாள், இப்போது குடியிருப்பவர்க்கு ஒரு மேலும் ஒரு காப்பாக நின்றது.

1979ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எழுவர் அமர்ந்த ஆயம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இதனைத் தெளிவுபடுத்தியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளியேற்றம் கோருவார் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு அறிவிப்பைத் தனியே தரவேண்டுவதில்லை என்று அத்தீர்ப்பு கூறியது. தாளின்படி குடிக்கூலி முடிந்தாலும் முடியாவிட்டாலும் சட்டம் குடியிருப்பவரைக் காக்கிறது. ஆதலின் அறிவிப்பால் அதனை முடிப்பதில் பொருளில்லை என்பது அதன் கருத்து. அறக்கட்டளைகளுக்கும் கோயில்களுக்கும் உரிய கட்டடங்கள் மட்டும் 1974ஆம் ஆண்டு அரசாணையால் இச்சட்டத்தினின்றும் விலக்கப்பட்டன. உச்ச நீதிமன்றமும் பின்னர் அவ்விலக்கை ஏற்றது. குடிநீங்காமையே பொதுவிதியாகவும், கோயில் மனையில் அது விலக்காகவும் அமைந்த இந்நிலை, கல்வெட்டுத் தொடர்களை நினைவூட்டுதல் கருதத்தக்கது.

திருப்பூரில் இதன் பயன் இருதிறப்பட்டது. நகராட்சி எல்லைக்குள், காதர்பேட்டை போன்ற வாணிகப் பகுதிகளில், குடியிருப்பவர்க்கு உறுதி கிடைத்தது. மனையுடையார்க்கோ, சந்தைக் கூலி உயர உயரத் தாம் பெறும் கூலி தேங்கி நிற்பதாகத் தோன்றியது. அவர்களுட் சிலர் முன்பணத்தைப் பெருக்குவதிலும், மனையைப் பூட்டிவைப்பதிலும் நாட்டம் கொண்டனர். வேளாண் குடும்பத்தினர் பலர் பனியன் தொழிலுட் புகுந்த பிற்காலத்தில், ‘தம் தொழிலுக்குத் தேவை’ என்னும் காரணம் வலுவுடையதாயிற்று. மனையுடையாரும் குடியிருப்பவரும் ஒரே தொழிலினராயினர். நகராட்சி எல்லைக்கு அப்பால் அவிநாசி, பல்லடம், காங்கயம் செல்லும் சாலைகளின் இருமருங்கும் எழுந்த கொட்டகைகள் வேறு நிலையில் இருந்தன. சட்டம் விரிக்கப்படாத ஊர்ப்புறங்களில் 1882ஆம் ஆண்டு விதிகளே ஆண்டன. அங்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் உழுகுடியைக் காத்தது. அந்நிலத்திற் கொட்டகை எழுந்து பொறி ஓடத் தொடங்கியபின் அக்காவல் அதனுள் இருப்பார்க்கு எட்டவில்லை. ஒரே தொழில், ஒரே வகைத் தாள். எல்லைக்கல்லின் இப்புறம் ஒரு விடை, அப்புறம் மற்றொரு விடை.

பொறியோடு விட்ட கொட்டகை பற்றியும் ஒரு சொல். கட்டடம் முதன்மையா, பொறி முதன்மையா என்பதைக் கொண்டே வாடகைக் கட்டுப்பாட்டின் பொருத்தம் முடிவு செய்யப்பட்டது. பருப்பு, அரிசி ஆலை ஒன்றைப் பொறிகளோடு விட்ட மத்தியப் பிரதேச வழக்கில், ஆலையை விடுதலே முதன்மை நோக்கம் என்றும், கட்டடம் அதன் துணையே என்றும் கொண்டு, அது கட்டுப்பாட்டுச் சட்டத்துள் அடங்காது என உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. பின்னற்பொறிகளோடு கொட்டகையை விட்டவர் இத்தீர்ப்பின் நிழலில் நிற்கலாம். வெறுங்கொட்டகையை விட்டவர்க்கு அந்நிழல் இல்லை.

புதிய சட்டமும் அதன் விலக்கும்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. அது 2019ஆம் ஆண்டு பிப்பிரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படுதலும் வேண்டும். தவணை, மீண்டும் இருவர் உடன்பாட்டிற்குரியதாயிற்று. தவணை முடிந்தும் புதுப்பிக்கப்படாமலும், மனை ஒப்படைக்கப்படாமலும் இருப்பின், பழைய நிபந்தனைகளின்படியே மாதந்தோறும் தொடர்வதாகக் கருதப்படும். ஆனால் அத்தொடர்ச்சி ஆறு மாதத்திற்கு மேற்படாது. அதன்பின்னும் நீங்காதவர் மாத வாடகையின் இருமடங்கு முதலாகக் கணக்கிடப்படும் இழப்பீட்டிற்கு உள்ளாவர். இங்கிலாந்தில் 1730ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எழுத்து அறிவிப்புக்குப் பின்னும் வேண்டுமென்றே நீங்காத குடியிருப்பாளரிடம் மனையின் ஆண்டு மதிப்பில் இருமடங்கைக் கேட்கும் உரிமையை மனையுடையார்க்கு அளித்திருந்தது. அப்பழங்கருத்தின் சாயலை ஈண்டுக் காணலாம்.

1882இல் மனையுடையாரின் வாளாமை வரம்பின்றிப் பொருள் பெற்றது. 1960இல் தவணையே வலுவிழந்தது. 2019இல் வாளாமைக்கு ஆறு மாத வரம்பு இடப்பட்டது. இவ்வளவில், தவணை மீண்டும் தன் இடத்தைப் பெற்றுவிட்டதாகத் தோன்றும். ஆயினும் திருப்பூரை நோக்குவார் இச்சட்டத்தில் ‘மனை’ என்பதற்குக் கூறப்பட்ட இலக்கணத்தைக் கூர்ந்து பயிலுதல் வேண்டும். குடியிருப்புக்கும் வாணிகத்துக்கும் கல்விக்கும் விடப்படும் கட்டடங்கள் அதனுள் அடங்கும். தொழிற்சாலைப் பயன் விலக்கப்பட்டுள்ளது. நடுவணரசு 2021இல் வெளியிட்ட மாதிரிச் சட்டமும் தொழிற்சாலைப் பயனை இவ்வாறே விலக்குகிறது.

தொழிலாளர் தங்கும் லைன் வீடுகளும், பனியன் விற்கும் கடைகளும் புதிய சட்டத்துள் வந்தன. துணி பின்னும் கொட்டகையோ புதிய சட்டத்திற்கு வெளியே நிற்கிறது. பழைய கட்டுப்பாடும் நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது 1882ஆம் ஆண்டுச் சட்டமே. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவந்த வரலாறு, பின்னற்கொட்டகையைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. ஆறு மாத அறிவிப்பு என்னும் பழங்காவல் இன்றும் ஏட்டில் உயிரோடு உள்ளது. பதினொரு மாதத் தாள் அதனை இன்றும் தடுத்து நிற்கிறது.

வன்மைக்கு இடமின்மை

மேற்கண்ட காலங்கள் அனைத்திலும் மாறாத ஒன்று உண்டு. தவணை முடிந்தபின்னும் மனையுடையார் தம் கைவலியால் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது. இந்தியாவில் நீதிமன்றத்தின் வழியன்றி வன்மையால் இடத்தைக் கைப்பற்றுதல் கூடாது என இலண்டன் பிரிவி கவுன்சில் 1924இலேயே கூறியது. உச்ச நீதிமன்றம் 1968இல் அதனை வற்புறுத்தியது. முறையின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் வழக்கிட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1877ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்திலும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உள்ள விதி. அவ்வழக்கில் உடைமை யாருடையது என்னும் வினாவுக்கே இடமில்லை.

கொட்டகையில் வன்மை என்பது எப்போதும் ஆட்களைக் கொண்டு வருவதாக இராது. கதவில் ஒரு பூட்டு, மின்னிணைப்பில் ஒரு துண்டிப்பு ஆகியன போதும், பொறிகள் நின்றுவிடும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவர் துய்க்கும் வசதிகளில் மனையுடையார் தலையிடலாகாது என்று தனியே விதித்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றியமையா வசதிகளை நிறுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் அத்தனி விதிகளின் துணை, கட்டுப்பாட்டிலிருந்தும் புதிய சட்டத்திலிருந்தும் விலகி நிற்கும் கொட்டகைக்கு இல்லை; பொதுச் சட்டத்தின் வழியே தடையாணை வேண்டுதல் ஒன்றே அதற்குள்ள புகல்.

பொறிகளைப் பற்றி 1882ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவர்க்கு இரங்கியுள்ளது. தரையில் பதித்த பொறிகளையும் அவர் இடத்தை விட்டு நீங்குமுன், தவணை முடிந்தபின்னரும், பெயர்த்துக்கொள்ளலாம். இடத்தைப் பெற்றபோது இருந்த நிலையில் விடுதல் ஒன்றே கடன். ஆகவே கூலி நிலுவைக்காகப் பொறியைத் தம்முடையது எனக் கொள்ளுதற்கு மனையுடையார்க்கு வழியில்லை.

குடியிருப்பவரே தவணை விரைவில் முடிதலை விரும்பும் நிலையும் உண்டு. நொய்யலில் சாயநீர் கலந்தமை பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கூலிக்கு எடுத்த இடத்தில் பட்டறை நடத்தியோர்க்குத் தொழில் நின்றது. கூலிக் கடன் நிற்கவில்லை. குடிக்கூலி தொடங்கியபின், எண்ணிய பயன் கிட்டாமையால் மட்டும் அது தானே அற்றுப்போகாது என்பது 1968இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கொள்கை. தவணை என்பது மனையுடையாரை மட்டும் பிணிக்கும் கயிறன்று என்பதற்கு இது சான்று.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. தவணை முடிதல் வேறு, குடியின் இருப்பு முடிதல் வேறு. கல்வெட்டுக் காலத்திலேயே தமிழர் அறிந்திருந்த இவ்வேறுபாடு, 1882இல் மனையுடையாரின் நடத்தையாகவும், 1960இல் அவர் காட்டவேண்டிய காரணமாகவும், 2019இல் பதிவு செய்த தாளாகவும் உருமாறியது. ஒவ்வொரு காலத்திலும் மனையுடையாரின் வழிகள் சில அடைக்கப்பட்டன, சில திறக்கப்பட்டன, வன்மையின் வழி மட்டும் ஒருபோதும் திறக்கப்படவில்லை.

இரண்டாவதாக, முடிவில் உள்ள உரிமை தொடக்கத்திலேயே எழுதப்படுகிறது. இங்கிலாந்தின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் மனையில் இருப்பார்க்குத் தவணைக்குப் பின்னும் தொடரும் உரிமையையும், ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரையான அறிவிப்பையும், சில காரணங்களால் நீக்கப்படின் இழப்பீட்டையும் அளித்தது. நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் தோன்றவில்லை. 106ஆம் பிரிவின் ஆறு மாதமே அதற்கு அண்மையது. அதனைப் பெறுதற்குப் பதிவு செய்த தாள் ஒன்று போதும். பதிவுச் செலவு பெரிதெனக் கருதி அதனைத் தவிர்ப்போர், அச்செலவை முடிவில் பன்மடங்காகக் கொடுக்கின்றனர். மனையுடையார் நெடிய வழக்காகவும், தொழில் செய்வார் பெயர்த்தெடுத்த பொறியாகவும்.

திருப்பூரின் பெருமையை ஏற்றுமதித் தொகையால் அளப்பவர் பலர். அத்தொகையின் அடியில் ஆயிரக்கணக்கான சிறு கொட்டகைகளும், அவற்றின் பூட்டும் திறவுகோலும், பதினொரு மாதத் தாள்களும் கிடக்கின்றன. அத்தாள்களின் வரலாற்றை எழுதாமல் அத்தொழிலின் வரலாற்றை முற்ற எழுதுதல் இயலாது என்பது நம் துணிபு.